சோல் பாட்டு என்றால் என்ன? யூரித்மிக்ஸ் ஜோடியை வைத்து ஒரு விளக்கம்

ஆங்கிலப் பாட்டு கேட்கத் தொடங்கியவர்களுக்கு ராக் சீக்கிரம் பிடிபட்டுவிடும். எலக்ட்ரிக் கிட்டார், சத்தமான டிரம்ஸ், தொண்டையைத் திறந்து பாடுகிற ஒருவர். சோல் என்று சொன்னால்தான் தடுமாற்றம். கொஞ்சம் சோகமாக, கொஞ்சம் உருக்கமாகப் பாடினால் சோலா? கறுப்பினத்தவர் பாடினால்தான் சோலா? ராக்கோடு அது எப்படிச் சேரும்? இதை வரையறை வைத்து விளக்கினால் தூக்கம் வரும். அதனால் 1980களில் உலகத்தையே ஆட்டிவைத்த யூரித்மிக்ஸ் ஜோடியின் கதையை எடுத்துக்கொள்ளலாம். பாடியவர் ஆனி லெனக்ஸ், ஸ்காட்லாந்துக்காரர். கூடவே இருந்தவர் டேவ் ஸ்டீவர்ட், வட இங்கிலாந்தின் சண்டர்லாந்துக்காரர். வேலை செய்தது பெரும்பாலும் லண்டனில். இவர்களைப் பலர் சிந்தசைசர் (மின்சாரத்தில் ஒலியை உருவாக்கும் கீபோர்டு) குழு என்றுதான் நினைவில் வைத்திருக்கிறார்கள், 1985இல் திடீரென்று ராக்குக்கும் சோலுக்கும் தாவிவிட்டார்கள் என்றும் எழுதுவார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஆனியின் குரல் முதலிலிருந்தே சோல் குரல்தான், சுற்றியிருந்த சத்தம்தான் மாறியது. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பது புரிய, முதலில் சோல் எங்கிருந்து வந்தது என்று பார்த்துவிடுவோம்.

அமெரிக்காவில் கறுப்பின மக்களின் தேவாலயங்களில் காஸ்பல் என்ற பாட்டு முறை உண்டு. ஒருவர் முன்னால் நின்று ஒரு வரியைப் பாட, கூட்டம் பதில் வரி பாடும். பாடுகிறவர் வரியை எழுதியபடியே விட்டுவிட மாட்டார், இழுப்பார், உடைப்பார், நடுவில் கத்துவார், அழுவார். 1950களில் ரே சார்ல்ஸ் போன்றவர்கள் இந்தப் பாணியை எடுத்து, கடவுள் இருந்த இடத்தில் காதலியை வைத்துப் பாடினார்கள். பின்னணியில் ரிதம் அண்ட் ப்ளூஸ் என்ற கறுப்பினத் துள்ளல் இசையின் வாத்தியங்கள். பக்திப் பாட்டை இப்படிக் கெடுக்கிறார்களே என்று தேவாலயப் பக்கம் கோபமும் கிளம்பியது. ஆனால் கோவிலில் கற்ற தொண்டையோடு காதலைப் பாடும் இந்தக் கலவைதான் சோல் ஆனது. 1959இல் டெட்ராய்ட் நகரில் பெர்ரி கார்டி மோட்டவுன் கம்பெனியைத் தொடங்கினார், மெம்பிஸ் நகரில் ஸ்டாக்ஸ் கம்பெனி வளர்ந்தது. மோட்டவுன் பாட்டுகள் மினுமினுப்பானவை, ஸ்டாக்ஸ் பாட்டுகளில் கொஞ்சம் புழுதி இருக்கும். இந்த இரண்டிலும் சேராத, ஆனால் எல்லோருக்கும் மேலே உட்கார்ந்த ஒருவர் அரீதா ஃப்ராங்க்லின். அவருடைய அப்பா டெட்ராய்ட்டில் பெயர்பெற்ற பாப்டிஸ்ட் போதகர். அரீதா சிறு வயதிலேயே அந்தத் தேவாலயத்தில் பாடி வளர்ந்தவர். இந்தப் பெயரை நினைவில் வையுங்கள், கதையில் பின்னால் வருவார்.

காதால் எப்படிக் கண்டுபிடிப்பது? நான் மூன்று விஷயங்களைக் கவனிக்கச் சொல்வேன். ஒன்று, குரல் ஒரே அசையைப் பல சுரங்களில் வளைத்து ஓடுகிறதா என்று கேளுங்கள், நம்மூர்ப் பாடகர் பிருகா போடுவதைப் போல, ஆனால் இங்கே இலக்கணத்தைவிட அந்த நேரத்து உணர்ச்சிதான் வேகத்தை முடிவு செய்யும். அடுத்தது கேள்வியும் பதிலும்: முன்பாட்டுக்காரர் ஒன்று சொல்ல, பின்பாட்டுக்காரர்களோ டிரம்பெட், சாக்ஸபோன் கூட்டமோ திருப்பிச் சொல்லும். கடைசியாகத் தாளம். நான்கு அடியில் இரண்டாவதும் நான்காவதும்தான் அழுத்தமாக விழும், உங்கள் கை தானாகத் தட்டும் இடம் அதுதான். ராக்கும் இதே ரிதம் அண்ட் ப்ளூஸிலிருந்து வந்ததுதான் என்பதால் தாளத்தை மட்டும் வைத்துப் பிரிப்பது கஷ்டம். ராக்கில் கிட்டார் முன்னால் வந்து சண்டை போடும். சோலில் கிட்டார் ஓரமாக நின்று சின்னச் சின்னதாக வெட்டும், குரல்தான் ராஜா. ராக் அண்ட் சோல் என்று ஒரு குழுவைச் சொன்னால், கிட்டாரும் குரலும் இரண்டுமே விட்டுக்கொடுக்காத பாட்டு என்று எடுத்துக்கொள்ளலாம்.

சரி, இது எப்படி இங்கிலாந்துக்குப் போனது? 1960களில் பிரிட்டிஷ் இளைஞர்கள் அமெரிக்கக் கறுப்பினக் கலைஞர்களின் ரெக்கார்டுகளைத் தேடித் தேடிக் கேட்டார்கள். பீட்டில்ஸ் ஆரம்ப ஆல்பங்களில் மோட்டவுன் பாட்டுகளைப் பாடியிருக்கிறார்கள். டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் என்ற லண்டன் பெண் மெம்பிஸுக்கே போய் ஒரு ஆல்பம் செய்தார். இப்படி வெள்ளைக்காரர்கள் பாடும் சோலுக்கு ப்ளூ-ஐட் சோல் என்று ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டது. அந்தப் பெயர் பாராட்டா கிண்டலா என்பது சொல்கிறவரைப் பொறுத்தது. வட இங்கிலாந்தில் இன்னொரு கூத்து நடந்தது: அமெரிக்காவில் விற்காமல் போன பழைய சோல் ரெக்கார்டுகளைக் கொண்டுவந்து விகன் கசினோ போன்ற மண்டபங்களில் இரவெல்லாம் போட்டு ஆடினார்கள். நார்தர்ன் சோல் என்று அதற்குப் பெயர். அங்கே ஓடிய ஒரு பழைய ரெக்கார்டு, க்ளோரியா ஜோன்ஸ் பாடிய 'டெய்ன்டட் லவ்'. அதைத்தான் 1981இல் சாஃப்ட் செல் என்ற இருவர் குழு முழுக்க எந்திர ஒலியில் திரும்பச் செய்து பிரிட்டனில் முதலிடத்துக்குக் கொண்டுபோனது. சோல் குரலும் எந்திரமும் சேரும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

இருவர் குழு என்ற விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். 1970களில் ராக் குழு என்றால் நாலைந்து பேர் வேண்டும். டிரம்மர் ஒருவர், பாஸ் ஒருவர், கிட்டார், கீபோர்டு, பாடகர். டிரம் மெஷினும் சிந்தசைசரும் ஓரளவு வாங்கக்கூடிய விலைக்கு வந்த பிறகு இந்தக் கணக்கு உடைந்தது. ஒருவர் எந்திரங்களைப் பார்த்துக்கொள்ள, இன்னொருவர் பாடினால் போதும். சாஃப்ட் செல், யாஸூ, பெட் ஷாப் பாய்ஸ் என்று இங்கிலாந்தில் ஜோடி ஜோடியாகக் கிளம்பினார்கள். மேடைக்கும் ரெக்கார்டிங்குக்கும் தேவைப்படும்போது வேறு ஆட்களைக் கூலிக்கு அழைத்துக்கொள்ளலாம், முடிவெடுப்பது மட்டும் இரண்டு பேர். யூரித்மிக்ஸ் இந்த வசதியை மற்ற யாரையும்விட நன்றாகப் பயன்படுத்தியது என்பேன். நிரந்தர உறுப்பினர்கள் இல்லாததால் ஒவ்வொரு ஆல்பத்துக்கும் சத்தத்தை முழுசாக மாற்ற முடிந்தது, யாரையும் சமாதானப்படுத்த வேண்டியதில்லை.

ஆனி 1954இல் அபர்டீனில் பிறந்தவர், அப்பா கப்பல் கட்டும் தளத்தில் வேலை பார்த்தவர். பியானோ, புல்லாங்குழல் என்று மேற்கத்திய செவ்வியல் இசை கற்று, லண்டனின் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் இடம் கிடைத்துப் போனார். அந்தச் சூழல் ஒட்டவில்லை, படிப்பை முடிக்காமலே வெளியே வந்துவிட்டார். ஓட்டலில் பரிமாறும் வேலையில் இருந்தபோதுதான் டேவ் ஸ்டீவர்ட்டைச் சந்தித்தார். டேவ் 1952இல் பிறந்தவர், கால்பந்து ஆடி முழங்காலில் அடிபட்டுக் கிடந்தபோது கிட்டார் பழகியவர், அதற்குள் லாங்டான்சர் என்ற குழுவோடு ஒரு சுற்று வந்து தோற்றும் இருந்தார். இருவரும் காதலர்கள் ஆனார்கள், பீட் கூம்ஸ் என்ற நண்பரோடு சேர்ந்து டூரிஸ்ட்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார்கள். 1979இல் அந்தக் குழுவுக்குப் பேர் வாங்கித் தந்தது எது என்றால், முன்பு டஸ்டி ஸ்பிரிங்ஃபீல்ட் பாடிய ஒரு பாட்டின் மறுபதிப்பு. பிரிட்டனில் நான்காம் இடம் வரை போனது. ஆனியின் வேர் எந்தப் பக்கம் என்று அப்போதே ஒரு தடயம் கிடைத்துவிட்டது, யாரும் பெரிதாகக் கவனிக்கவில்லை.

டூரிஸ்ட்ஸ் 1980இல் ஆஸ்திரேலியச் சுற்றுப்பயணத்தின்போது உடைந்தது. வாகா வாகா என்ற ஊரின் ஓட்டல் அறையில் ஒரு குட்டி சிந்தசைசரை நோண்டிக்கொண்டிருந்தபோது, இனி நாம் இரண்டு பேர் மட்டும் என்று முடிவானது. அந்த நேரத்தில் அவர்களின் காதலும் முடிவுக்கு வந்தது. பிரிந்த காதலர்கள் சேர்ந்து குழு தொடங்கினார்கள் என்பதுதான் இந்தக் கதையிலேயே விசித்திரமான விஷயம், அவர்களுடைய பாட்டுகளில் காதல் எப்போதும் கொஞ்சம் சந்தேகத்தோடும் கசப்போடும் வருவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

முதல் ஆல்பத்தை ஜெர்மனியில் கொலோன் பக்கம், கானி பிளாங்க் என்ற தயாரிப்பாளரின் ஸ்டுடியோவில் செய்தார்கள். 1981இல் வந்தது, விற்கவில்லை. கையில் காசு இல்லை. அப்புறம் வங்கியில் கடன் வாங்கி, லண்டன் சாக் ஃபார்ம் பகுதியில் படங்களுக்குச் சட்டம் போடும் ஒரு பட்டறையின் மாடியில் எட்டு டிராக் டேப் மெஷினோடு சொந்தமாக ஒரு ஸ்டுடியோ போட்டார்கள். எட்டு டிராக் என்றால் எட்டு தனித்தனி ஒலிப்பதிவுகளை மட்டுமே அடுக்க முடியும், அன்றைய பெரிய ஸ்டுடியோக்களில் இருபத்துநான்கு இருக்கும். இந்தப் பற்றாக்குறை அவர்களுக்கு நல்லதாகவே போனது. அடுக்க இடம் இல்லாததால் ஒவ்வொரு ஒலியும் தன் இடத்தைச் சம்பாதித்துத்தான் உள்ளே வர முடிந்தது.

அங்கே பிறந்ததுதான் 'ஸ்வீட் ட்ரீம்ஸ்'. ஆனி மனச்சோர்வில் படுத்துக் கிடந்த ஒரு நாளில் டேவ் டிரம் மெஷினில் ஒரு தாளமும் அதன்மேல் ஒரு சிந்தசைசர் வரியும் உருட்ட, ஆனி எழுந்து வந்து தன் கீபோர்டில் இன்னொரு வரியை அதனோடு பிணைத்தார். நடுவில் வரும் கிணுகிணு சத்தம் பால் பாட்டில்களில் தண்ணீர் ஊற்றித் தட்டியது. இப்போது மேலே சொன்ன மூன்று விஷயங்களையும் வைத்து இந்தப் பாட்டைக் கேளுங்கள். எந்திரம் கடிகாரம் மாதிரி ஓடுகிறது, ஒரு மயிரிழைகூட வேகம் மாறாது. அதன்மேல் ஆனியின் குரல் முதலில் உணர்ச்சியே இல்லாததுபோல, ஏதோ அறிக்கை வாசிப்பதுபோல வருகிறது. கொஞ்சம் போனதும் வார்த்தையில்லாமல் மேலே எழும்பி வளைந்து அலறுகிற ஒரு இடம் வரும், அது சுத்தமான சோல். தலையை நிமிர்த்து என்று சொல்லும் பகுதியில் கேள்வி-பதில் இருக்கிறது, ஆனால் பதில் சொல்லும் கூட்டமும் ஆனியே, தன் குரலையே அடுக்கடுக்காகப் பதிவுசெய்திருக்கிறார். தேவாலயக் கூட்டம் இல்லாத இடத்தில் ஒரே பெண் மொத்தக் கூட்டமாகவும் நிற்கிறார். எந்திரத்தின் குளிர்ச்சி இருப்பதால்தான் அந்தக் குரலின் சூடு இவ்வளவு தெரிகிறது. யூரித்மிக்ஸைப் பற்றி எனக்குச் சொல்ல இருப்பதில் முக்கால்வாசி இந்த ஒரு வரிதான்.

1983இல் வந்த அந்தப் பாட்டு பிரிட்டனில் இரண்டாம் இடமும், செப்டம்பர் மாதம் அமெரிக்காவில் முதலிடமும் பிடித்தது. வீடியோவுக்கும் இதில் பெரிய பங்கு உண்டு. ஆரஞ்சு நிறத்தில் ஒட்ட வெட்டிய முடி, ஆண்கள் போடும் கோட் சூட், கையில் ஒரு பிரம்பு, கம்பெனி கூட்ட அறையில் ஒரு பசுமாடு. பாட்டு வீடியோக்களைப் போடும் எம்டிவி சேனல் அமெரிக்காவில் புதிதாக வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது, இப்படி ஒரு பெண்ணை அவர்கள் பார்த்ததில்லை. 1984 கிராமி விழாவில் ஆனி கிருதா வைத்து எல்விஸ் போல ஆண் வேடத்தில் வந்து பாடினார். அதற்குள் 'டச்' ஆல்பம் பிரிட்டனில் முதலிடம் தொட்டிருந்தது, அதிலுள்ள 'ஹியர் கம்ஸ் த ரெயின் அகெய்ன்' என்ற மழைப் பாட்டில் சிந்தசைசரோடு மைக்கேல் கேமன் அமைத்த வயலின் கூட்டமும் சேர்ந்துகொண்டது. எந்திரத்துக்குள் மனிதர்கள் மெல்ல உள்ளே வர ஆரம்பித்துவிட்டார்கள்.

1985க்கு வருவோம். 'பி யுவர்செல்ஃப் டுநைட்' ஆல்பம். பாரிஸில் பெரும்பகுதி பதிவானது. முதல் பாட்டான 'வுட் ஐ லை டு யூ'விலேயே திரும்பத் திரும்ப வரும் கிட்டார் துணுக்கு (ரிஃப்) ஒன்று கதவை உதைத்துத் திறக்கிறது, கூடவே உண்மையான டிரம்ஸ், உண்மையான பிராஸ் வாத்தியங்கள், ஆனி கேள்வி கேட்கப் பின்பாட்டுக்காரர்கள் பதில் சொல்கிறார்கள். ஸ்டாக்ஸ் ரெக்கார்டு கேட்டவர்களுக்கு இது எங்கிருந்து வருகிறது என்று உடனே தெரியும். அடுத்து வந்த தேவதை பாட்டு, 'தேர் மஸ்ட் பி ஆன் ஏஞ்சல்', பிரிட்டனில் அவர்களுக்குக் கிடைத்த ஒரே முதலிட சிங்கிள். ஆரம்பத்திலேயே ஆனி வார்த்தையில்லாமல் குரலை ஏற்றி இறக்கி விளையாடுவார், பாதியில் காஸ்பல் பாணிக் கூட்டுக்குரல்கள் வரும், ஹார்மோனிகா வாசித்தவர் ஸ்டீவி வொண்டர். மோட்டவுனில் சிறுவனாகச் சேர்ந்து வளர்ந்த அதே ஸ்டீவி வொண்டர்.

அரீதா வருகிற இடம் இது. பெண்கள் தங்கள் காலில் நிற்பதைப் பற்றி ஆனியும் டேவும் 'சிஸ்டர்ஸ் ஆர் டூயிங் இட் ஃபார் தெம்செல்வ்ஸ்' என்று ஒரு பாட்டு எழுதினார்கள், அதை ஆனியோடு சேர்ந்து பாட அரீதா ஒப்புக்கொண்டார், டெட்ராய்ட்டில் பதிவு நடந்தது. வாசித்தவர்களில் சிலர் டாம் பெட்டியின் ஹார்ட்பிரேக்கர்ஸ் குழுவினர், அதாவது பக்கா அமெரிக்க ராக் ஆட்கள். ராக் அண்ட் சோல் என்றால் என்ன என்று ஒரே பாட்டில் காட்டச் சொன்னால் இதைத்தான் போட்டுக் காட்டுவேன், அதைவிடவும் சோல் பாடுவது எப்படி என்று ஒப்பிட்டுப் பார்க்க இது ஒரு பாடம். ஆனியின் குரல் நேராக, கூர்மையாக, மெட்டின் கோட்டிலேயே போகும். அரீதா கோட்டுக்கு முன்னால் பாய்வார், பின்னால் தங்குவார், ஒரு வரி முடிந்த பிறகும் அதில் மிச்சம் வைத்து இன்னொரு சுற்று சுற்றுவார். ஆனி போட்டி போடவில்லை, இடம் விடுகிறார், அதுதான் அழகு. சோலைக் கடன் வாங்கிய வெள்ளைக்காரப் பாடகர்கள் எத்தனையோ பேர் உண்டு, அந்தக் கடன் யாரிடம் வாங்கியது என்பதைச் சொல்லாமலே சம்பாதித்தவர்களும் உண்டு. மூலப் பாடகியையே அழைத்து, சரிசமமாகப் பக்கத்தில் நிறுத்தி, அவருடைய சொந்த ஆல்பத்திலும் அதே பாட்டு இடம்பெறும்படி செய்தது வேறு வகை மரியாதை.

அதே ஆண்டு ஜூலையில் பஞ்ச நிவாரணத்துக்காக நடந்த லைவ் எய்ட் என்ற பெரிய இசை நிகழ்ச்சியில் இவர்கள் பாடவில்லை, ஆனியின் தொண்டை அப்போது கெட்டிருந்தது. உச்சத்தில் இருந்தபோது உலகமே பார்த்த மேடையைத் தவறவிட்டார்கள்.

1986இல் வந்த 'ரிவெஞ்ச்' இன்னும் ராக் பக்கம் சாய்ந்தது. பெரிய மைதானங்கள், உலகச் சுற்றுப்பயணம், 'மிஷனரி மேன்' பாட்டுக்கு ராக் பிரிவில் கிராமி விருது. ரசிகர்கள் கோபித்தாலும் பரவாயில்லை, எனக்கு இந்த ஆல்பம் கொஞ்சம் அலுப்பு. எல்லாமே சத்தமாக, எல்லாமே சூடாக இருந்தால் ஆனியின் குரல் தனித்துத் தெரிவதில்லை, நல்ல ராக் பாடகிகளில் ஒருவராக நின்றுவிடுகிறார். அவர்களுக்கும் ஏதோ தோன்றியிருக்க வேண்டும், அடுத்த ஆண்டே 'சாவேஜ்' ஆல்பத்தில் எந்திரங்களுக்குத் திரும்பினார்கள். அது முந்தையவை அளவுக்கு விற்கவில்லை. ஆனால் குளிர்ந்த எந்திரம், கொதிக்கும் குரல் என்ற அந்தப் பழைய கூட்டு அதில் இன்னும் கசப்பாக, இன்னும் துணிச்சலாக வந்தது. பெரும்பாலான பாட்டுகளுக்கு சோஃபி முல்லர் வீடியோ எடுத்தார், ஆனி அவற்றில் அலுத்துப்போன இல்லத்தரசியாகவும் பொன்னிற முடி வைத்த மயக்குகாரியாகவும் மாறி மாறி வருவார்.

1988 ஜூனில் வெம்ப்லி மைதானத்தில், சிறையிலிருந்த நெல்சன் மண்டேலாவின் எழுபதாவது பிறந்தநாளுக்காக நடந்த கச்சேரியில் பாடினார்கள். 1989இல் 'வீ டூ ஆர் ஒன்' பிரிட்டனில் முதலிடம் பிடித்தது, அதன்பின் சண்டைச் சத்தம் வெளியே கேட்காமல் ஒதுங்கிக்கொண்டார்கள். பத்து ஆண்டுகளில் அவ்வளவு வேலை, முன்னாள் காதலரோடு ஓயாமல் ஒரே பேருந்தில், ஒரே ஸ்டுடியோவில். யாருக்கும் மூச்சு முட்டும். ஆனி 1992இல் 'திவா' என்ற தனி ஆல்பத்தோடு வந்தார், பின்னாளில் லார்ட் ஆஃப் த ரிங்ஸ் மூன்றாம் படத்தின் பாட்டுக்கு ஆஸ்கரும் வாங்கினார். டேவ் மற்றவர்களுக்குப் பாட்டு எழுதவும் தயாரிக்கவும் போனார். 1999இல் 'பீஸ்' ஆல்பத்துக்காகச் சேர்ந்தபோது சுற்றுப்பயண வருமானத்தை கிரீன்பீஸுக்கும் ஆம்னெஸ்டிக்கும் கொடுத்தார்கள். 2022இல் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்க்கப்பட்டு அந்த மேடையிலும் சேர்ந்து பாடினார்கள்.

நம் வாசகர்களுக்கு ஒரு சின்னத் துணுக்கு: டேவ் ஸ்டீவர்ட் 2011இல் மிக் ஜாகர், ஜாஸ் ஸ்டோன், டேமியன் மார்லி ஆகியோரோடு சூப்பர்ஹெவி என்ற குழுவில் இருந்தார், அதன் ஐந்தாவது ஆள் ஏ.ஆர். ரஹ்மான். ஆல்பம் எனக்கு அவ்வளவாக ஒட்டவில்லை, சமையல்காரர்கள் அதிகம். ஆனால் ஜாஸ் ஸ்டோன் என்ற இங்கிலாந்துப் பெண் பதின்ம வயதிலேயே சோல் பாடிப் பெயர் வாங்கியவர், டேவ் எங்கே போனாலும் பக்கத்தில் ஒரு சோல் குரலைத் தேடிக்கொள்கிறார் என்பதற்கு இன்னொரு சாட்சி.

புதிதாகக் கேட்க நினைப்பவர்கள் ஹிட் பாட்டுத் தொகுப்பில் தொடங்காமல் இப்படிப் போகலாம். முதலில் அரீதா 1967இல் பாடிய 'ரெஸ்பெக்ட்', இரண்டு நிமிடம் சொச்சம்தான். அதில் பின்பாட்டுக்காரர்கள் எங்கே உள்ளே வருகிறார்கள் என்று மட்டும் கவனியுங்கள். அடுத்து 'ஸ்வீட் ட்ரீம்ஸ்', முடிந்தால் ஹெட்போனில், அடுக்கிய குரல்கள் அதில்தான் தெளிவாகப் பிரியும். அப்புறம் 1985 ஆல்பத்தை முதலிலிருந்து கடைசி வரை. அதுவும் பிடித்துப்போனால் 'சாவேஜ்' எடுங்கள், முதல் தடவை ஒட்டாமல் போகலாம், இரவில் ஒரு முறை போட்டுப் பாருங்கள்.